இல்லாத நாட்டின் படம்



அடைமழை நாளொன்றில் பள்ளிக்கூடம் போக முடியாத சிறுவன் ஒருவன் என்ன செய்வான் என்று எண்ணிப் பாருங்கள். பழைய கொப்பியின் நடுத்தாளைக் கிழிக்கிறான். வளைந்து நெளிந்த கோடு ஒன்றை இழுக்கிறான். கோட்டுக்கு வெளியே கடல், உள்ளே நாடு. நாட்டின் நடுவே கூரை கூரையாக மலைகள், மலையடியில் ஆறு, ஆற்றங்கரையில் அரசனுடைய கோட்டை. மூலையில் ஓர் இடத்தில், "இங்கே யாரும் போகக் கூடாது" என்றும் எழுதி வைக்கிறான். உலகில் எங்கும் இல்லாத ஒரு தேசம் அரை மணி நேரத்தில் பிறந்து விடுகிறது.

இதனைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இல்லாத நாடுகளுக்குத் தேசப்படம் வரைவது இன்று பல நாடுகளில் வளர்ந்தோரின் பொழுதுபோக்காகவும், சிலருக்குத் தொழிலாகவும் வளர்ந்திருக்கிறது. தாம் எழுதும் கதைக்கு ஒரு படம் வேண்டுமென்று ஓவியரிடம் கூலி கொடுத்து வரைவித்துக் கொள்வோரும் உளர். இக்கலையின் வரலாற்றைச் சிறிது சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். அதைச் சொல்வதற்கு ஹட்டன் நகரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில், அந்நகருக்குத் தென்மேற்கே வானில் கூம்பி நிற்கும் சிவனொளிபாத மலையும், அதனைச் சுமந்து நிற்கும் இந்த இலங்கைத் தீவும், பன்னூறு ஆண்டுகள் பிற நாட்டாரின் கற்பனைப் படங்களிலேயே வாழ்ந்தவை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் தொலமி என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவர் இலங்கைக்கு வந்தவரல்லர். துறைமுகத்துக்கு வந்த வணிகர் வாய்மொழியையும், முன்னோர் எழுதிய ஏடுகளையும் கொண்டு, உலகின் ஊர்களுக்கும் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் எண்ணளவில் இடம் குறித்து வைத்தார். அவர் காலத்துப் படம் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் எழுதி வைத்த எண்களைக் கொண்டு, 1300ஆம் ஆண்டளவில் பைசாந்தியத் துறவிகள் மீண்டும் படம் வரைந்தனர். 1477இல் இத்தாலியின் பொலோஞா நகரில் அவை அச்சேறின.

அந்தப் படத்தில் இலங்கைக்குத் தப்ரபேன் என்று பெயர். உண்மையான தீவைப் போல் ஏறத்தாழப் பதினான்கு மடங்கு பரப்புடையதாக அது காட்சியளிக்கிறது. பூமத்திய ரேகை அதன் தென்பகுதியை ஊடறுத்துச் செல்கிறது. உண்மையில் நமது தென்முனை அந்த ரேகைக்கு ஏறத்தாழ ஆறு பாகை வடக்கே உள்ளது. இவ்வளவு பெரிய தீவுக்குப் பக்கத்தில் இந்தியாவோ, தீபகற்பம் என்றே சொல்ல முடியாதபடி தட்டையாகக் கிடக்கிறது. கடலோடிகள் தூரத்தை நாட்கணக்கில் சொன்னார்கள். காற்று விழுந்து பாய் தொங்கிய நாளும் ஒரு நாளே. காற்று வாய்த்து மரக்கலம் பறந்த நாளும் ஒரு நாளே. அந்த நாட்களை நிலத்தின் நீளமாக்கிய இடத்தில்தான் தீவு பெருத்துவிட்டது.

ஆயினும் ஒன்று கவனிக்கத் தக்கது. இவ்வளவு பிழையான படத்தின் நடுவே, ஒரு மலைத்தொடருக்கு 'மலையா' என்று தொலமி பெயர் எழுதியிருக்கிறார். அதன் கீழே யானைகள் மேயும் புல்வெளி கடல் வரை நீள்கிறது என்கிறார். தமிழர் வாயில் 'மலை' என்று வழங்கியதோ, சிங்கள வழக்கில் மலைநாட்டைக் குறிக்கும் 'மலய' என்ற சொல்லோ, ஏதோ ஒன்று கடல் கடந்து, மொழி கடந்து, அலெக்சாந்திரியாவின் ஏட்டில் ஏறியிருக்கிறது. அளவு பொய்த்தது, பெயர் பிழைத்தது. இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

நம்மவர்களும் உலகத்தைக் கற்பனையில் வரைந்தவர்களே. நாவலந்தீவு நடுவிலிருக்க, அதன் நடுவே மேருமலை ஓங்கி நிற்க, உப்புக்கடலும் கருப்பஞ்சாற்றுக் கடலும் பாற்கடலும் அடுத்தடுத்து வளையமிட்டுச் சூழ்ந்திருக்கும் அந்தப் புராண உலகம், கப்பலோட்டுவதற்காக வரைந்ததன்று. உலகில் மனிதனுடைய இடம் யாது என்று உணர்த்துவதற்காக வரைந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவத் தீவும் வருகிறது. இலங்காதீவில் உள்ள 'சமனொளி' என்னும் மலையும் வருகிறது. சமனொளி என்பது சிவனொளிபாத மலையே என்பது அறிஞர் பலரின் முடிபு. கதையிலே வரும் தெய்வத் தீவும், கண்ணாற் காணும் கல்மலையும் ஒரே காப்பியத்தில் அருகருகே நிற்பதற்கு நம் புலவர்கள் தயங்கவில்லை.

1344ஆம் ஆண்டில் இபுனு பத்தூத்தா என்னும் அராபியப் பயணி புத்தளத்தில் வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு இம்மலையில் ஏறினார். பாறையில் தொங்கிய இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியும் வைத்தார். ஆனால் ஏறிப் பார்த்தவர் சொல் ஒருபுறமிருக்க, படம் வரைந்தவர்கள் தங்கள் வழியே சென்றார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில், வெனிஸ் நகரத்துத் துறவி பிரா மௌரோ, தப்ரபேன் என்ற பெயரைச் சுமாத்திராவுக்குச் சூட்டினார். 1540இல் செபஸ்தியான் முன்ஸ்டர் என்னும் ஜெர்மானியர் வெளியிட்ட படத்திலும் அதே குழப்பம். படத்தின் ஓரத்தில் கொழுத்த யானையொன்றையும் அவர் வரைந்து வைத்தார். செய்தி குறைந்த இடத்தைச் சித்திரத்தால் நிரப்புவது அக்காலப் படவரைஞரின் வழக்கம். இன்று கற்பனைப் படம் வரைவோர் கடலில் திமிங்கிலத்தையும் காட்டில் அரவத்தையும் வரைவதற்கு மூலம் இதுவே.

இனி, நம் மலைநாட்டுக்கு முதன்முதலில் உள்ளிருந்து படம் தந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர், 1660ஆம் ஆண்டில், திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டில் சிறையிருந்தார். கைவிலங்கு இல்லாத சிறை அது. ஊரில் நடமாடலாம், நாட்டை விட்டுப் போகலாகாது. 1679இல் அநுராதபுரத்துக் காடுகளின் வழியே அரிப்புக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. அதனுள் கண்டியின் மலைநாட்டைக் காட்டும் தேசப்படமும் இருந்தது.

அந்த அரசனுக்குப் படமில்லாமையே அரண். கணவாய்தோறும் முள்வேலிக் கதவுகள் இருந்தன என்கிறார் நொக்ஸ். கடந்து செல்வோருக்குக் களிமண்ணில் முத்திரை பதித்த அனுமதிச் சீட்டு வேண்டும். போர்வீரன் என்றால் வாளேந்திய உருவம். பாட்டாளி என்றால் காவடித் தண்டில் இரு சுமை தாங்கிய உருவம். எழுத்தறியாக் காவலனும் பார்த்தவுடன் அறிந்து கொள்ளும் ஏற்பாடு. இவ்வாறு வேலியிட்ட நாட்டை, அதில் அடைபட்டிருந்த ஒருவன் மனத்திலே படமாக வரைந்து கொண்டு வெளியேறினான்.

நொக்ஸ் வரைந்தது உண்மை நாடு. ஆனால் இலண்டனில் குளிர்காய்ந்தபடி படித்தவர்களுக்கு அது மாய நாடாகவே தோன்றியிருக்க வேண்டும். அந்நூலின் சாயல் 1719இல் வெளிவந்த 'ரொபின்சன் குறூசோ'வில் உண்டு என்பது பலர் கருத்து. 1726இல் ஜொனதன் ஸ்விப்ட் 'கலிவரின் யாத்திரை'யை வெளியிட்டபோது, விரலளவு மனிதர் வாழும் லிலிப்புட் தீவைச் சுமாத்திராவுக்குத் தென்மேற்கே, நம் இந்துமாக் கடலில், உண்மைப் படம் போலவே அச்சிட்டுக் காட்டினார்கள். பொய்ந்நாட்டை மெய்ந்நாட்டின் பக்கத்தில் வைத்துவிட்டால், வாசகன் பாதி நம்பிவிடுகிறான். இந்த உத்தி இன்றளவும் வழக்கொழியவில்லை.

பின்வந்தோரில் இருவரைச் சொல்லாமல் விட முடியாது. 1881ஆம் ஆண்டு, மழை பெய்யும் ஸ்கொத்லாந்துக் கிராமமொன்றில், ரொபேட் லூயி ஸ்டீவன்சன் ஒரு சிறுவனோடு விளையாடும் பொழுது தீவொன்றின் படத்தை வரைந்து வர்ணம் தீட்டினார். அந்தப் படத்திலிருந்தே 'புதையல் தீவு' என்ற கதை எழுந்தது. அச்சுக்கு அனுப்பிய மூலப்படம் வழியில் காணாமற் போயிற்று. எழுதிய கதையை வரி வரியாகப் படித்துத் தம் தீவை அவரே மீண்டும் அளந்து வரைய வேண்டியதாயிற்று. மற்றவர் ஒக்ஸ்போட் பேராசிரியர் டொல்கீன். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த அவரது பெருங்கதையின் படங்களை அவர் மகன் கிறிஸ்டோபர் வரைந்தார். முதலில் படம், பின்பு அதற்கேற்ற கதை என்பதே தம் முறை என்று டொல்கீன் கூறியுள்ளார். ஒருவன் ஒரு நாளில் எத்தனை மைல் நடப்பான், மலையைச் சுற்றிப் போக எத்தனை நாள் செல்லும் என்றெல்லாம் கணக்கிட்டு எழுதியவர் அவர். இன்றைய பொழுதுபோக்குப் படவரைஞர் பெரும்பாலோர் அவர் வழி வந்தவர்களே.

தமிழரான ஆர். கே. நாராயண் மால்குடி என்னும் ஊரை 1935இல் வெளிவந்த தம் முதல் நாவலிலேயே படைத்தார். பிற்காலத்தில் ஜேம்ஸ் பெனலி என்னும் அறிஞர், கதைகளில் வரும் தெருக்களையும் ஆற்றையும் புகைவண்டி நிலையத்தையும் ஒன்றுகூட்டி, அந்த ஊருக்குப் படமே வரைந்து விட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்களின் சுவடுகள் காணப்படுவதற்கு விளக்கம் தேடிய பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், 1864இல் இந்துமாக் கடலில் ஒரு கண்டம் இருந்து மறைந்திருக்கலாம் என்று கருதி, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். சிலப்பதிகார உரையிலே அடியார்க்கு நல்லார் கூறும் கடல்கொண்ட நாற்பத்தொன்பது நாடுகளோடு அதனை நம் அறிஞர் சிலர் இணைத்தனர். இருபதாம் நூற்றாண்டில் குமரிக்கண்டத்துக்கு மலையும் ஆறும் எல்லையும் குறித்த படங்கள் தமிழ் நூல்களில் இடம்பெற்றன. 1960களில் நிலத்தட்டுக்களின் இயக்கம் நன்கு விளங்கியபின், மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை என்பது தெளிவாயிற்று. இடையில் மூழ்கிய கண்டம் ஒன்று தேவைப்படவில்லை. கடல்கோள் பற்றிய புலவர் நினைவு மதிக்கத் தக்கதே. கரையோர நிலங்களைக் கடல் கொண்டதும் உண்டு. ஆயினும், ஒரு நினைவுக்கு எல்லைக்கோடு இழுத்து அச்சிட்டவுடன் அது சான்றாகி விடுகிறது. கற்பனைப் படம் வரைவோன், "இது கற்பனை" என்று ஒரு மூலையில் எழுதிவிட்டால், எந்தக் குற்றமும் இல்லை.

மீண்டும் ஹட்டனுக்கு வருவோம். 1800ஆம் ஆண்டில் தேசாதிபதி நோர்த் காலத்தில் இலங்கை நில அளவைத் திணைக்களம் தொடங்கிற்று. 1815இல் கண்டியரசு வீழ்ந்த பிறகே மலைநாடு அளவைக்கயிற்றுக்கு உட்பட்டது. தெருக்கள் வகுத்த தாமஸ் ஸ்கின்னர் போன்றோர் 1830களில் காடு மலையெல்லாம் ஏறி அளந்தனர். அளந்தபோது ஒரு பழைய நம்பிக்கை உடைந்தது. கடலிலிருந்து பார்க்கும் மாலுமிக்கு முதலில் தென்படுவது சிவனொளிபாதம்; ஆகவே அதுவே தீவின் உயர்ந்த சிகரம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நொக்ஸும் அவ்வாறே எழுதினார். உண்மையில் அதன் உயரம் 7359 அடி. நுவரெலியாவின் பீதுருதாலகாலையோ 8281 அடி. தனித்து நிற்பவன் உயரமாகத் தோன்றுவது மலைக்கும் பொருந்துகிறது.

அளவைக்காரரின் பின்னே கோப்பித் தோட்டக்காரர் வந்தனர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை வந்தது. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. காட்டை வாங்கிய துரைமார் ஒவ்வொருவரும் தம் தோட்டத்துக்குப் படம் வரைவித்தனர். அப்படங்களில் எழுதிய பெயர்களைப் பாருங்கள்: டன்பார், டன்கெல்ட், ஸ்ட்ராத்டன்; அருவியொன்றுக்கு அபர்டீன். ஹட்டன் என்பதே ஸ்கொத்லாந்துக் கிராமமொன்றின் பெயர் என்பர். தாய்நாட்டை விட்டு வந்தவர்கள், தம் ஏக்கத்தை இங்குள்ள மலைகளின் மேல் எழுதி வைத்தார்கள். அதுவும் ஒருவகைக் கற்பனைப் படமே. கையில் உறுதிச்சீட்டு இருந்தமையால் அது நிலைத்துவிட்டது.

அதே மலைகளுக்கு மற்றொரு படமும் இருந்தது. அது தாளில் ஏறவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வழியில் உறவினரைப் புதைத்துவிட்டு மேலேறி வந்த நம் தோட்டத் தொழிலாளர் அதனை நெஞ்சிலே வரைந்தனர். துரை வைத்த பெயர் நாவில் நுழையாதபோது, தோட்டத்துக்குத் தாமே ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக் கொண்டனர். கொழுந்தெடுக்கும் பகுதிகள் 'ஐந்தாம் நம்பர் மலை', 'கோயில் மலை' என்றாயின. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே புகையிரதம் நுழைந்து செல்லும் சுரங்கத்துக்கு ஆங்கிலப் பெயர் பூல்பாங்க். மக்கள் வழங்கும் பெயர் சிங்கமலை. ஒரே இருளுக்கு இரண்டு பெயர்கள். துரையின் படத்தில் தொழிற்சாலையும் பங்களாவும் தெளிவாக இருந்தன. லயமோ ஒரு சிறு கோடு. அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்த குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கே வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் பல்லாயிரவர் கடல் கடந்தனர். அவர்களோடு அந்த மனப்படங்களும் சென்றன.

சில இடங்கள் நீருக்குள்ளும் சென்றன. 1965இல் காசல்ரீ அணையும், 1969இல் மவுசாகலை அணையும் நிறைவெய்தின. நாட்டுக்கு மின்சாரம் வந்தது. பழைய மஸ்கெலியா நகரம் நீரடியில் மறைந்தது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சங்கள் வெளியே தோன்றுகின்றன. அப்போது பேரப்பிள்ளைகளைக் கையிற் பிடித்துக் கொண்டு வந்து பார்க்கும் முதியவர்கள் சேற்று மண்ணைச் சுட்டி, "இங்கேதான் கடைத்தெரு, அதோ அந்தப் பக்கம் தேர் வரும்" என்று சொல்வார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது கதைநாடு. முதியவர்களுக்கு அது பிறந்த ஊர்.

படம் வரைய விரும்பும் இளைஞர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகளும் தர வேண்டும். முதலில் மலையை வரையுங்கள். பிறகு நீர் எங்கே இறங்கும் என்று பாருங்கள். கிளையாறுகள் சேர்ந்தே பேராறு ஆகும்; ஓர் ஆறு இடைவழியில் இரண்டாகப் பிரிந்து இரு கடலுக்குப் போவதாக வரைவது புதியவர் செய்யும் பிழை. ஹட்டன் மேட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே பெய்யும் மழையில் ஒரு பங்கு மகாவலியில் சேர்ந்து, நொக்ஸ் பிடிபட்ட அதே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. டிக்கோயாப் பக்கம் இறங்கும் நீரோ கெகல்கமு ஓயா வழியே களனியாகிக் கொழும்புக் கரையில் கடலடைகிறது. ஒரு மேட்டின் இரு சரிவுகள், இரண்டு கடற்கரைகள். அடுத்து, காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன் நனையும் மாதங்களில் மலைக்கு அப்பாலுள்ள ஊவா காய்ந்திருக்கும். ஆகவே ஒருபுறம் அடர்காடு, மறுபுறம் புல்வெளி. ஊர்களைக் கணவாயிலும் ஆற்றுத் துறையிலும் வையுங்கள். கடைசியாக, அளவுகோல் ஒன்றைக் கீழே இடுங்கள். அளவு பிழைத்தால் விளையும் கேட்டைத் தொலமியிடம் கண்டோம்.

இவற்றையெல்லாம் கற்ற பின், இல்லாத நாடொன்றை மனம்போல வரையுங்கள். அதனோடு வேறொரு படமும் வரையுங்கள் என்று கேட்டுக் கொள்கிறேன். உங்கள் வீட்டில் முதியவர் இருப்பாராயின் அவர் அருகில் அமருங்கள். அவர் பிறந்த லயம் எங்கே இருந்தது, பீலி எங்கே, பிரட்டுக் களம் எங்கே, எந்த மலைக்கு என்ன பெயர், ஆடித் திருவிழாவில் காவடி எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். கேட்டதைக் கோடாக இழுங்கள். பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். அளவு சற்றுப் பிழைத்தாலும் கவலை வேண்டாம்.

தொலமியின் தீவு பதினான்கு மடங்கு பெருத்திருந்தது. பூமத்திய ரேகை தவறான இடத்தில் ஓடிற்று. எனினும் பெயர் தெரியாத யாரோ ஒரு கடலோடி சொல்ல, பெயர் தெரியாத யாரோ ஒருவர் எழுதி வைத்தமையால், 'மலையா' என்ற அந்த ஒரு சொல் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. எழுதி வைத்த பெயருக்கு அந்த ஆயுள் உண்டு. நம் தாத்தாவும் பாட்டியும் அந்த மலைகளுக்கு வைத்த பெயர்களையும் நாம் எழுதி வைப்போமாக.